வரம்போரத்து மருந்து

தனுஷாவின் கணினிக்குப் புற்றுநோய் மருந்துகளை ஜோடி சேர்ப்பதுதான் வேலை. ஒவ்வொரு மருந்தையும் தட்டுகளில் ஊற்றிப் பார்த்த பழைய முடிவுகளை வைத்து, எந்த இரண்டு சேர்ந்தால் புற்றணுக்களை நன்றாகக் கொல்லும் என்று ஐயாயிரம் ஜோடிகளுக்குப் புள்ளி போட்டுச் சொல்லும். ஆனால் கொழும்பிலுள்ள ஆய்வுகூடம், ஒரேயொரு ஜோடியைத்தான் சோதித்துத் தருவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டது. இன்று பின்னேரம் நாலு மணிக்குள் அனுப்பவேண்டும். பிழைத்தால் மூன்று வருஷப் பாடு அம்போதான்.

அவளுக்கு அந்தப் பயமே இல்லை. முதலிடத்து ஜோடிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மாமி சீதேவிப்பிள்ளை, மருமகள் மருந்து கண்டுபிடித்தாயிற்றென்று வவுணதீவு முழுக்கச் சொல்லி, பிள்ளையாருக்குப் பொங்கலும் நேர்ந்துவிட்டார்.

புருஷன் திவாகரன் வட்டை எனும் வயல்வெளி ஒவ்வொன்றாகப் போய், அங்கே கயிற்றால் சதுரம் பிடித்து, அதற்குள் நெல்லை வெட்டி நிறுத்து, விளைச்சலை மதிப்பிடும் உத்தியோகத்தன். கயிறு பிடிக்கிறவர் என்று அவள் அவனைச் சீண்டாத நாளில்லை. அவன் சோற்றுக் கோப்பையோடு வந்து திரையை எட்டிப் பார்த்தான். அதில் குழி குழியான ஒரு தட்டின் படம்.

"இதென்னகா, சிவப்பெல்லாம் வரம்போரமாக் கிடக்கு?"

"அது வரம்பில்ல, மருந்து ஊத்திப் பாத்த தட்டு. சிவப்பெண்டா புற்றணு செத்திட்டு. நீங்க சோத்தத் தின்னுங்க."

"நாங்க வெட்டக்குள்ள வரம்போரம் எடுக்கிறல்ல. ஓரத்து நெல்லுக்கு வெயில் கூட, காத்துக் கூட. அத நம்பினா முழு வட்டையும் நல்லா விளைஞ்சமாதிரித்தான் தெரியும்."

வந்ததே கோபம் அவளுக்கு. ஏச வாய் திறந்தவள், திரும்பித் திரையைப் பார்த்தாள். ஓரக் குழிகளில் நீர் சீக்கிரம் வற்றும். மருந்தே ஊற்றாவிட்டாலும் அணுக்கள் வாடிச் சாகும். முதல் வருஷத்திலேயே படித்த பாடம். முதலிடத்து மருந்துகள் இரண்டும் அநேகமான தட்டுகளில் ஓரத்திலேயே குந்தியிருந்தன. பாழாய்ப்போன கணினி அதைக் கெட்டித்தனம் என்று நம்பிவிட்டது, அவளும்தான்.

ஓரங்களை நீக்கி மறுபடி ஓடவிட்டாள். பழைய ஜோடி நானூற்றுப் பன்னிரண்டாம் இடத்துக்கு விழுந்தது. அவள் ஏறெடுத்தும் பார்க்காத ஒரு ஜோடி, அறுபத்தொரு புள்ளியோடு மேலே வந்தது. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்க அதை அனுப்பினாள். மாமியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பொங்கல் பழைய ஜோடிக்கே நடந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தனித்தனியே ஊற்றியதைவிட இரண்டும் சேர்ந்து மும்மடங்கு அணுக்களைக் கொன்றிருந்தன. அவனுக்கு வாசித்துக் காட்டினாள்.

திவாகரன் கயிற்றைச் சுருட்டியபடி கேட்டான்: "நடுவில வச்சோ பாத்தவங்க?"

"ஓம்," என்றாள் அவள். "நடு வட்டையிலதான்."