தள்ளி விழுந்த கறுப்பு

"முனீஸ், அந்தத் துணியை இப்படிக் குடு."

"எண்ணெய்த் துணிங்க்கா. கையெல்லாம் ஆயிரும்."

"குடுன்னு சொன்னேன்."

அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையை விட்டு எழுந்து வந்த தேவிப்பிரியா, தையல் மெஷினுக்கு அடியில் குனிந்திருந்த மெக்கானிக்கின் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய பச்சைப் பனியன் துண்டு. எண்ணெயில் ஊறியிருந்தது. அதில் ஒரு நாயின் காது. காதை ஒட்டி ஒரு மனிதனின் கன்னம்.

"இது ஏதுடா?"

"வேஸ்ட் குடோன்லருந்து வந்த மூட்டைல கெடந்துச்சு. ஏங்க்கா, என்ன?"

"எங்க ஊட்டுக்காரர் மூஞ்சிடா இது."

முனீஸ் எழுந்து நின்றான். காலையிலிருந்து அந்த மூட்டையை வைத்துத்தான் லைனிலிருந்த மெஷினையெல்லாம் துடைத்திருந்தான்.

அவள் கணவன் சரவணக்குமார் ராணுவத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய்க் கண்ணிவெடி தேடுகிறவன். போன வருடம் எல்லையில் ஒரு மலைப்பாதையில் அவனும், பிஜ்லி என்ற அந்த நாயும் ஒரே வெடியில் போய்விட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் ஊரான சேவூரில் முதல் வருட நினைவு ஓட்டம். ஓடுகிறவர்களுக்கெல்லாம் பனியன். அதற்குப் படம் வரைந்தவன் டேனியல். சரவணக்குமாரோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இப்போது பனியனில் படம் அச்சடிக்கும் பட்டறை நடத்துகிறான். மண்டியிட்ட சிப்பாய், அவன் தோளில் முகவாயை வைத்த நாய். வரைந்த தாளை முதலில் இவளிடம்தான் கொண்டுவந்தான். "உசுரோட இருக்கறாப்பல இருக்குதுங்கண்ணா" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

வெளியே போய் அவனுக்குப் போன் போட்டாள்.

"டேனியலண்ணா, அவரு படம் போட்ட பனியன் எப்படிங்க வேஸ்ட்டுக்குப் போச்சு?"

"எங்க பாத்த தங்கச்சி?"

"எங்க கம்பெனில. மெஷின் தொடைக்கறாங்க."

"அது மொதல்ல அடிச்ச லாட்டும்மா. அச்சு ஸ்கிரீன் நவுந்து கறுப்பு மை தள்ளி உழுந்துருச்சு. அவனுக்கு ரெண்டு வாய், நாய்க்கு மூணு கண்ணு. அதைய எப்படி உங்கிட்டக் காட்டறது? ஓரமாத் தள்ளி வெச்சேன். வேஸ்ட் வண்டி வந்துது. பசங்க எப்பவும்போல மூட்டை கட்டி ஏத்திட்டாங்க."

"நீங்க பாத்துட்டுத்தான நின்னீங்க?"

"பாத்தேன். டேமேஜுன்னா வேஸ்ட்டு. கையும் கண்ணும் அப்படியே பழகிக் கெடக்குது தங்கச்சி. அவன்னு தோணவே இல்ல."

"எனக்கு அது அத்தனையும் திரும்ப வேணுமுங்க. இனி ஒருத்தர் அவரு மூஞ்சில எண்ணெய் தொடைக்கக் கூடாது."

டேனியல் ஸ்கூட்டரில் வந்து அவளைக் கூட்டிப்போனான். வழியில், "புது லாட்டு சுத்தமா வந்திருக்குது. கண்ணெல்லாம் அப்படியே அவந்தான்" என்றான்.

"ஓடி முடிச்சு, நாலு தடவ தொவைச்சா, அதுவும் பைக்கு தொடைக்கத்தானுங்கண்ணா?"

டேனியல் வண்டியை வேஸ்ட் குடோன் வாசலில் நிறுத்தினான்.

குடோனில் நிறம் நிறமாகப் பனியன் துணி மலைபோல் கிடந்தது. நடுவில் நட்டுவைத்த அரிவாளில் துணியை இழுத்து இழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள் ராமுத்தாய். விருதுநகர்ப் பக்கத்துக்காரி. டேனியல் அவளிடம் பச்சைப் பனியன் துண்டுகளைக் கேட்டான்.

"பச்சையா? அந்தா கெடக்கு பாரு தாயி, பட்டாளத்தான் பனியன். நல்ல காட்டன். எண்ணெய் சும்மா உறிஞ்சும்."

"அக்கா," என்றான் டேனியல், "அந்தப் பட்டாளத்துக்காரர் இவங்க ஊட்டுக்காரருங்க."

துணி அரிவாளில் பாதியில் நின்றது.

"ஆத்தாடி. மூஞ்சியவா வெட்டிக்கிட்டிருந்தேன்? நாங்க மூஞ்சி எங்க தாயி பாக்கோம், கலரத்தான பாக்கோம்."

மூன்று பேரும் குவியலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு துண்டில் தொப்பி. ஒன்றில் மூக்கு மட்டும். ஒன்றில் இரண்டு வாய்களும் இருந்தன. தேவிப்பிரியா ஒவ்வொன்றையும் தடவி நீவி மடியில் வைத்தாள். ராமுத்தாயின் கை வழக்கம்போல இரண்டு கூறாக்கத் தொடங்கியது.

"மனுசனை இந்தப் பக்கம் போடுதேன். நாயை அந்தப் பக்கம். சரிதானே?"

"வேண்டாங்க."

"இல்ல தாயி, வீட்டுல வெச்சுக் கும்புடத்தான கேக்க? சாமி கும்புடுத எடத்துல நாய்த் துண்டு எதுக்கு..."

"பிரிக்க வேண்டாங்கக்கா." அவள் குரல் ஏறவில்லை. "அவரு வந்த பொட்டியத் தொறக்கவே வுடல. எங்கத்தை அதும் மேல உழுந்து, மூஞ்சிய மட்டும் காட்டுங்க சாமீன்னு கேட்டாங்க. கூட வந்த ஆபீசர் தலையக் குனிஞ்சுட்டு நின்னாரு. அங்க கேம்ப்புல பிஜ்லிக்கும் தனியாப் பொட்டி வெச்சு, மாலை போட்டு, சல்யூட் அடிச்சாங்களாம். போட்டோ அனுப்பிச்சாங்க. அவரு கூட இருந்த பையன் ஒருத்தன் போன்ல அழுதுட்டே சொன்னான், 'முடிஞ்ச மட்டும் பிரிச்சு வெச்சோம் அண்ணி'ன்னு."

டேனியல் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"எந்தப் பொட்டில யாரு எத்தனைன்னு வெச்சவங்களுக்கே தெரியாதுங்க. நான் இங்க உக்காந்து மறுக்காப் பிரிக்கறதா?"

ராமுத்தாய் இரண்டு கூறுகளையும் கையால் கலந்து ஒரே சாக்கில் அள்ளிப் போட்டாள். சாக்கு பாதிகூட நிறையவில்லை.

"மிச்சம் எங்கீங்க?"

"காலைல போயிருச்சு தாயி. லாரிப் பட்டறைக்கு."

"எந்தப் பட்டறைங்க?"

"பல்லடம் ரோட்டுல இருக்குத எல்லாத்துக்கும் எங்க மூட்டைதான் போகுது."

தேவிப்பிரியா சாக்கின் வாயைக் கட்டினாள். "வண்டிய எடுங்கண்ணா."

"எல்லாப் பட்டறைக்குமா தங்கச்சி? இந்நேரம் கிரீஸ்ல முக்கியிருப்பாங்க. அடையாளமே தெரியாது."

"தெரியாட்டி, பச்சையா இருக்கறதெல்லாம் எடுத்துக்கலாம்."