மழைக்கோட்டு மாப்பிள்ளை

நிச்சயம் ஆன நாளிலிருந்து மணப்பெண் காசில்தா தொலாபாவை மூன்றடிக்குள் நெருங்கும்போதெல்லாம் மாப்பிள்ளை பாசிலியோ கலிசாயா பின்னால் போய் விழுந்தான். ஆண்டீஸ் மலைமேல் காற்று அப்பளமாய்க் காய்ந்த அந்த ஊரில் இருவருக்கும் ஒரே வேலை, பிளாஸ்டிக் சீப்பால் லாமா என்கிற மலை ஒட்டகத்தின் ரோமம் சீவுவது. சீவச் சீவ இருவர் உடம்பிலும் ஒரே மாதிரி மின்சாரம் ஏறி, ஒருவரையொருவர் தள்ளிவிட்டது. ஊரார் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த வருடம் உருளைக்கிழங்கு விளைச்சலும் சுமார்தான். பாதிரியார் மலையேறி வருவது ஆண்டுக்கு ஒரு நாள். கை கோக்காமல் கல்யாணம் இல்லை என்று இரண்டு தடவை திரும்பிப் போய்விட்டார். மூன்றாம் தடவையும் போனால் சுரங்கத்துக்குப் பிழைக்கப் போவதாகப் பாசிலியோ சொல்லிவிட்டான். சுரங்கத்துக்குப் போனவர்கள் கடிதம் போடுவார்கள், வரமாட்டார்கள்.

சீவிய ரோமம் சீப்பை விடாமல் ஒட்டிக்கொள்வதை ஒரு நாள் அவள் உற்றுப் பார்த்தாள். மூன்றடி தள்ளி நின்றே கத்தினாள். "யோவ், நாம ரெண்டு பேரும் ரோமமா இருக்கோம், அதான் ஆகமாட்டேங்குது. நீ இனிமே சீப்பு!"

"நான் சீப்பா? ஊரே சிரிக்கும்டி!"

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

பதினோரு வருடம் மழை காணாத ஊரில் ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டை விற்க அலைந்துகொண்டிருந்த வியாபாரிக்கு அன்று விடிந்தது. கல்யாணத்தன்று, சாட்சி நிற்க வந்த ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் காலையிலிருந்து மழைக்கோட்டு மாட்டிய மாப்பிள்ளையை லாமாத் தோலால் தேய்தேய் என்று தேய்த்தார்கள். கோவில் முற்றத்தின் அந்தக் கோடியில் அவனை விட்டதும் அறுபதடி பறந்து வந்து பெண்மேல் அப்பிக்கொண்டான். வாழ்த்திப் போட்ட வண்ணக் காகிதத்துணுக்குகள் அத்தனையும் இருவர்மேலும் ஒட்டின. பாதிரியாரின் அங்கியும் ஒட்டியது.

பாதிரியார் அங்கியைப் பிடுங்கிக்கொண்டார். "ஒட்டிக்கிட்டதெல்லாம் சம்மதம் ஆயிடுமா? மனசார வரணும்பா. நான் கிளம்புறேன்."

கல்யாணம் முடிந்தது என்று நினைத்த ஊரார் அதற்குள் சோளத்தில் இறக்கிய கள்ளுப் பானையைத் திறந்துவிட்டார்கள். முதல் குவளை பூமித்தாய்க்கு என்பது அங்கே வழக்கம். நாற்பது பேர் நாற்பது குவளையை மணமக்கள் காலடியில் கவிழ்த்தார்கள். ஈரம் பட்டதும் சடக்கென்று ஒரு சத்தம். மின்சாரம் மொத்தமும் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. காகிதத்துணுக்குகள் பொலபொலவென உதிர்ந்தன. மழைக்கோட்டு தொளதொளவென்று தொங்கியது.

காசில்தாவின் கை மட்டும் அவன் கையிலேயே இருந்தது.

"இது ஒட்டினதில்ல சாமி," என்றாள், "நான் புடிச்சிருக்கேன்."

பாதிரியார் இறங்கிய படியை மறுபடி ஏறினார். பதிவேட்டில் "மணமக்கள் கை கோத்தனர், வானிலை வறட்சி" என்று எழுதி, தனக்கும் ஒரு குவளை கேட்டார்.