கிட்டாரைச் சரி செய்தவர்

கிட்டாரில் மொத்தமே ஆறு கம்பிதான் என்பதைப் பார்த்ததும் லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சிரிப்புதான் வந்தது. கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கொத்துக் கொத்தாகப் பின்னிக் கிடக்கும் வயர்களோடு காலம் தள்ளியவர். அவருக்கு ஆறு கம்பி எம்மாத்திரம்? வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மகளின் கட்டிலுக்கடியில் கிடந்த கிட்டாரை வெளியே இழுத்தார். சற்று நேரத்திலேயே அவருக்கு மண்டை காய்ந்துவிட்டது.

செல்போன் வீடியோவில் தாடி வைத்த ஒரு வாத்தியார் புன்னகை மாறாமல் சொன்னார்: "உங்க முகத்துக்குப் பக்கத்துல இருக்கறது தடிச்ச கம்பி. கீழ போகப் போக மெல்லிசாகும்." மெக்கானிக் குனிந்து பார்த்தார். அவர் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது முடி போல மெல்லிய கம்பி. தடித்தது தொடைப் பக்கம் கிடந்தது. வீடியோவை நிறுத்தினார், ஓட்டினார், மறுபடி நிறுத்தினார். வாத்தியார் எதிரே உட்கார்ந்திருப்பதால் இடம் வலமாகத் தெரிகிறதோ என்று சந்தேகம் வந்தது. போனை அலமாரிக் கண்ணாடிக்கு எதிரே வைத்துப் பார்த்தார். குழப்பம் இரண்டாகியதுதான் மிச்சம். அவருடைய வழுக்கை வேறு இலவச இணைப்பாகத் தெரிந்தது.

"ஏங்க, இந்த வயசுல இது தேவையா?" என்று மனைவி வாசலில் நின்று கேட்டார்.

"சனிக்கிழமை வர்றாளே."

மனைவி சமையலறைக்குத் திரும்பினார். மேலே கேட்க என்ன இருக்கிறது? மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெளியூரில் வேலைக்குச் சேர்ந்தபோது, "உனக்கு எதுதான் நேரா வந்திருக்கு?" என்று இந்த மனிதர் வாய்க்கு வந்தபடி கேட்டார். அன்றோடு அவள் அப்பாவிடம் பேசுவதை விட்டாள். போன் வரும், அம்மாவுக்கு மட்டும். "அப்பா பக்கத்துலதான் இருக்காரு, குடுக்கட்டுமா?" என்றால், "வேலை இருக்கும்மா" என்று வைத்துவிடுவாள். இப்போது கிட்டாரை எடுத்துப் போகச் சனிக்கிழமை வருகிறாள். துணிமணி, புத்தகம் எல்லாம் எப்போதோ போய்விட்டன. இதுவும் போய்விட்டால் அவள் இந்த வீட்டுப் படியேற எந்தக் காரணமும் மிச்சமில்லை. அந்தப் பயம்தான் அவரைக் கிட்டார் பக்கம் இழுத்தது.

அவள் இங்கே இருந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது அது காதில் விழும். அதில் நாலு வரியாவது வாசித்துக் காட்டினால் போதும், வாய் திறந்து கேட்க முடியாத மன்னிப்பைக் கேட்டது போல ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. மன்னிப்பை நேராகக் கேட்டுத் தொலைத்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். அது அவருக்குக் கைவராத வித்தை, கிட்டாரை விடக் கஷ்டம்.

சுருதி சேர்க்கிற ஆப் ஒன்றைப் போட்டார். முள் பச்சைக்கு வரும்வரை முறுக்கு என்றது அது. மேலிருந்து முதல் கம்பியை முறுக்கினார். அது தொளதொளவென்று தொங்கியபோதுதான் முள் பச்சைக்கு வந்தது. கீழே இருந்த தடிக் கம்பியை முறுக்க முறுக்க, முள் இன்னும் இன்னும் என்றது. இன்னொரு சுற்று. படீரென்று அறுந்து புறங்கையில் கீறியது.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போய்ப் புதுக் கம்பிப் பொட்டலம் வாங்கி வந்தார். பொட்டலத்தில் படம் போட்டிருந்தது. படத்தையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தவருக்கு விஷயம் அப்போதுதான் விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்துக்கொண்டார்.

"தலைகீழா மாட்டி வச்சிருக்கா!" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினார். "ஆறும் தலைகீழ்! இவ்வளவு நாளும் இதை வச்சா வாசிச்சா?"

"எனக்கென்ன தெரியும்? கதவைச் சாத்திக்கிட்டுல்ல வாசிப்பா," என்றது சமையலறை.

லிஃப்டில் இப்படி நடப்பதுண்டு. மோட்டாருக்குப் போகும் வயரில் இரண்டு இடம் மாறிவிட்டால் மேலே போக அமுக்கினால் கீழே போகும். இவர் போய் மாற்றிப் போட்டுவிட்டு வருவார். அப்படி மாறிக் கிடக்கும் எதையும் அவர் கை பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. பழைய கம்பிகளை மொத்தமாகக் கழற்றினார். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு ஒன்று இருந்தது. அதன் பள்ளங்களும் தலைகீழாகவே வெட்டியிருந்தன. தடிக் கம்பி வர வேண்டிய இடத்தில் பள்ளம் ஒல்லியாக இருந்தது. யாரோ வேலை தெரியாதவன் செய்தது என்று திட்டிக்கொண்டே, பெட்டியிலிருந்து சின்ன அரத்தை எடுத்துப் பக்குவமாக ராவிப் பள்ளத்தை அகலமாக்கினார்.

அதற்குப் பிறகு எல்லாம் வாத்தியார் சொன்னபடியே வந்தது. எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக ஒலிக்க வைக்கும் 'கார்ட்' ஒன்று, இரண்டே விரல் வைத்தால் போதும். விரல் நுனி தீய்ந்தது போல எரிந்தது. முதலில் தகரத்தைத் தட்டின சத்தம். பிறகு, எந்த நேரத்தில் என்று அவருக்கே தெரியாது, ஆறும் சேர்ந்து ஒரே குரலாக அறை முழுக்க நிறைந்தது. மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகளின் மெட்டு வரவில்லை. அது எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. போகட்டும், கிட்டாரையாவது சரி செய்து வைத்திருக்கிறோம், பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மகள் வந்தாள். அம்மா கொடுத்த காபியைக் குடித்தாள். அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினாள், அவ்வளவுதான். அறைக்குள் போய்க் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தாள். கழுத்துப் பகுதி வலப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. இடக்கையால் ஒரு முறை வருடினாள்.

என்னவோ போல் சத்தம் வந்தது. அவள் குனிந்து கம்பிகளைப் பார்த்தாள். பிறகு வெள்ளைத் துண்டை விரலால் தடவினாள்.

"யாரு இதை மாத்தினது?"

"தலைகீழா இருந்துச்சும்மா. நான்தான் சரி பண்ணி வச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் அவள் கையைப் பார்த்தார். கம்பிகளை மீட்டியது இடக்கை. அந்தக் கைக்கு ஆறும் தலைகீழாகத்தான் இருக்க வேண்டும். 'சரி பண்ணி' என்ற சொல் அவர் காதிலேயே திரும்பி வந்து விழுந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் சின்னப் பெண். பென்சிலை அவள் பீச்சாங்கையிலிருந்து பிடுங்கிச் சோற்றுக்கையில் திணிக்கும் அவருடைய பெரிய கை. அழுதாலும் விட்டதில்லை. பழக்கிவிட்டேன் என்று ஊரெல்லாம் பெருமை வேறு.

"எழுதறது நீங்க மாத்தினது," என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "இது மட்டும்தான் என் கைக்கு நானா கத்துக்கிட்டது."

எதையாவது எடுத்து எங்கேயாவது மாட்டிவிட வேண்டும் என்று அவர் கை துடித்தது. துடித்த கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். "எந்தக் கம்பி எங்க போகணும்?" என்று கேட்டார். "நீ சொல்லு. நான் பிடிச்சுக்கறேன்."

மகள் கிட்டாரைத் தரையில் படுக்க வைத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். அவர் எதிரே மண்டியிட்டார். அவள் நீட்டியதை வாங்கினார், பிடி என்றதைப் பிடித்தார், விடு என்றபோது விட்டார். இடையில் ஒரு தரம் கூட இப்படிச் செய்யலாமே என்று சொல்லவில்லை. வாசலில் நின்ற மனைவிக்கு அது இவர்தானா என்று சந்தேகமே வந்துவிட்டது.

மாட்டி முடித்ததும் மகள் அந்த மெட்டை வாசித்தாள். கதவு திறந்தே இருந்தது. ஒவ்வொரு முறை மெல்லிய கம்பியைத் தொடும்போதும் அது கிர்ரென்று அதிர்ந்தது. அவர் ராவி அகலமாக்கிய பள்ளத்துக்குள் அது ஆடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போகாமல் கடைசிவரை கேட்டார்.

"என்னை மன்னிச்சிரும்மா," என்றார். எப்படி வந்தது என்று தெரியாது, வந்துவிட்டது.

மகள் வெள்ளைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டாரைக் கட்டிலில் வைத்தாள். "இந்தத் துண்டு இனி ஆகாது. புதுசு வாங்கி வைங்க. நான் வந்து மாட்டிக்கறேன். நீங்க தொடாதீங்க."

"தொட மாட்டேன்."

அவள் பஸ் ஏறிய கையோடு அவர் கடைக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்ற அவசரம். வெள்ளைத் துண்டைக் கேட்டு மூச்சு வாங்க நின்றவரிடம் கடைக்காரர், வலக்கைக்கா, இடக்கைக்கா என்று விசாரித்தார்.

"பீச்சாங்கைக்கு," என்றார் மெக்கானிக், கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. "என் பொண்ணுக்கு அதுதான் சரியான கை."