சம்பந்தியம்மா கேட்ட கேள்வி

டில்லி மயூர் விஹார் ஃப்ளாட்டில் சுந்தரேஷுக்கு நிச்சயதார்த்தம். மெல்பர்னில் உடன் வேலை பார்க்கும் டெஸ்ஸாதான் பெண். அவளும் அவள் அம்மா மார்லீனும் ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றங்கரைப் பூர்வகுடிகள். இதை வெளியே சொல்ல சுந்தரேஷின் அப்பா கல்யாணராமனுக்கு நாக்கு எழவில்லை. அண்டர் செகரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பூசி மெழுகத் தெரியாதா? "சம்பந்தியாத்துக்காரா ஆஸ்திரேலியால பெரிய நிலச்சுவான்தார்" என்று உறவு முழுக்கப் பரப்பிவிட்டார். அவர் மனைவி விஜயலக்ஷ்மி காலையிலிருந்து சம்பந்தியம்மாவிடம் யாரையும் தனியாகப் பேச விடவில்லை.

புரோகிதர் வேதாந்தம் வாத்தியார் லக்னப் பத்திரிகையைப் பிரித்தார். அது என்ன என்று மார்லீன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ரெண்டு குடும்பத்துக்கும் ஒப்பந்தம்" என்றார் கல்யாணராமன்.

"ஒப்பந்தமா! நாங்கள் அரசாங்கத்திடம் இருநூறு வருஷத்துக்கு மேல் கேட்கிறோம், கான்பெராவில் கையெழுத்துப் போட இன்னும் பேனா கிடைக்கவில்லை. நீங்கள் பஜ்ஜியோடு கொடுக்கிறீர்களே!" மார்லீன் கண்ணைச் சிமிட்டினார். "ஆனால் ஒப்பந்தத்துக்கு முன்னால் உண்மை பேசியாக வேண்டும். எங்களைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்?"

கல்யாணராமன் விட்டத்து ஃபேனைப் பார்த்தார். அவர் அக்கா காந்திமதி முந்திக்கொண்டாள்: "உங்களுக்கு ஏகப்பட்ட நிலமாமே?"

விஜயலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள். மார்லீனோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"நிஜம்தான்! கண்ணுக்கெட்டிய வரை எங்களுடையது. நாங்கள் பூர்வகுடிகள். யாருக்கும் விற்கவில்லை, எழுதிக்கொடுக்கவில்லை. வந்தவர்கள் ஆளில்லாத நிலம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தோம்."

காந்திமதியின் வாயில் பஜ்ஜி அப்படியே நின்றது.

"நாடாளுமன்றத்துக்கு யோசனை சொல்ல எங்களுக்கென்று ஒரு குழு கேட்டோம். நாடு தழுவிய வாக்கெடுப்பில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அது கிடக்கட்டும், உங்கள் வீட்டுக்காக யார் பேசுவது?"

"நான்தான்" என்றார் கல்யாணராமன்.

"யார் தேர்ந்தெடுத்தார்கள்?"

விஜயலக்ஷ்மிக்குக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அடக்கவும் தோன்றவில்லை. "வாத்தியார், அதுல யார் யார் பேர் இருக்கு?"

வாத்தியார் விரல் விட்டு எண்ணினார்: கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, பிள்ளை. பெண் பக்கமும் அப்படியே.

"எங்க ரெண்டு பேர் பேரும்?"

"வழக்கமில்லையே, மாமி."

"ஆளில்லாத நிலம்னு எழுதிட்டேளாக்கும்! நான் இங்கதானே நின்னுண்டிருக்கேன்?"

"விஜயா, ராகுகாலம் வந்துடும். ஜல்தி முடிக்கணும்" என்றார் கல்யாணராமன்.

"அப்ப ஜல்தியா எழுதச் சொல்லுங்கோ."

வாத்தியார் இரண்டு அம்மாக்கள் பெயரையும் எழுதி உரக்க வாசித்தார். கல்யாணராமன் மெல்ல எழுந்து மார்லீனிடம் வந்தார். "வெட்கப்பட்டுண்டு மறைச்சுட்டேன். தப்புதான். மன்னிச்சிடுங்கோ" என்றார் ஆங்கிலத்தில்.

"உண்மை சொன்னதும் மன்னிப்பு கைக்கு வந்துவிடுமா? முதலில் சூடாகக் காபி கொண்டு வாருங்கள், யோசிக்கிறேன்."

பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் சமையலறைக்குள் போனார். எவர்சில்வர் டம்ளர்கள் உருண்டன. ஃபில்டர் எங்கே என்று குரல் வந்தது. விஜயலக்ஷ்மி எழுந்திருக்கவில்லை. மார்லீனுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.