இல்லாத மாடியின் வாடகைக்காரி

அப்பா அந்த நோட்டீசைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். முன்னறைச் சுவரில், நான் பட்டம் வாங்கும் படத்துக்குப் பக்கத்தில். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவள் தற்செயலாகத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

சொத்து வரி மதிப்பீட்டு நோட்டீஸ். "தரைத்தளம், முதல் தளம். முதல் தளம் வாடகைக்கு விடப்பட்டுள்ளது" என்றிருந்தது. வரி போன வருடத்தைப்போல மூன்று மடங்கு. மேல்முறையீடு செய்யக் கடைசி நாள் என்று கீழே ஒரு தேதி. அன்றைய தேதி.

எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

மொட்டைமாடியின் தெருப்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர் உண்டு. தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் தெருவுக்குத் தெரியக்கூடாதென்று எழுப்பியது. அப்பா பெயிண்டர். நாள் முழுக்க அடுத்தவர் சுவர்களுக்கு ஒரே வெளிர்நிறத்தை அடித்து அலுத்துப்போனவர், மிச்சப் பெயிண்டையெல்லாம் கொண்டுவந்து அந்தச் சுவரில் இரண்டு ஜன்னல்கள் வரைந்தார். ஒன்று மூடியது. இன்னொன்று திறந்தது. அதில் திரை பறக்கிறது, விளிம்பில் பூனை தூங்குகிறது, உள்ளே தலை வாரிக்கொண்டு அம்மா நிற்கிறாள்.

வாடகைக்காரி அவள்தான்.

"எப்பப்பா வந்துச்சு இது?"

"ஒரு மாசம் இருக்கும் பாப்பா. படிச்சியா? அதிகாரியே மாடின்னு எழுதிட்டாரு. சீல் வேற வச்சிருக்காரு!"

"வரியைப் பாத்தியா?"

"அது கீழ இருக்கு. நான் மாடி வரைக்கும்தான் படிச்சேன்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். சொந்த வீட்டுக் காகிதம் மட்டும் பாராட்டுப் பத்திரமாகிச் சுவரில் தொங்குகிறது! அப்பாவுக்கு முழங்கால் போனதிலிருந்து வேலை பாதிதான். வீட்டுக் கடனை என் சம்பளம் இழுக்கிறது. இந்த வரி நிலைத்தால் தவணை நிற்கும், தவணை நின்றால் வீடு வங்கிக்குப் போகும். கத்தித்தான் சொன்னேன். மெதுவாகச் சொல்ல எனக்கு வராது.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்னை வாடகைக்காரின்னா எழுதியிருக்கான்? நான் பாக்கற வேலைக்கு இந்த வீடுதான் எனக்கு வாடகை தரணும்! அந்த மூக்கும் என் மூக்கு இல்ல, அன்னைக்கே சொன்னேன்."

தெருவில் நின்று வீட்டைப் படம் எடுத்து, கடையில் அச்சுப் போட்டுக்கொண்டு வரி அலுவலகத்துக்கு ஓடினேன். சட்டத்தின் ஆணியைப் பிடுங்க நேரமில்லை. நோட்டீசைக் கண்ணாடியோடு அக்குளில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். வரிசை ஆமையாக நகர்ந்து, என் முறை வரும்போது மாலையாகிவிட்டது.

கவுண்டரில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "என்னம்மா இது, விருதா?"

"நோட்டீஸ் சார். தப்பான நோட்டீஸ்." மனுவையும் படத்தையும் நீட்டினேன்.

நிதானமாகப் பார்த்தார். "மாடி நல்லாத் தெரியுதேம்மா."

"அது வெறும் சுவர் சார். ஜன்னல் எங்கப்பா வரைஞ்சது."

"ஜன்னல்ல ஒரு அம்மா நிக்கறாங்களே?"

"எங்கம்மா."

"பாத்தீங்களா, ஆளே குடியிருக்காங்க!"

"குடியிருக்கறது கீழ சார்! மேல நிக்கறது படம்!"

"பூனை?"

"பூனையும் படம்தான்!"

வரிசையில் பின்னாலிருந்து ஒருவர், "பூனைக்குத் தனி வரி போட்டிருக்கீங்களா சார்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் திரும்பி முறைத்ததும் அவர் கூரையைப் பார்த்தார்.

"மதிப்பீடு பண்ண வந்தவரு வண்டியை விட்டு இறங்கினாரா சார்? கதவைத் தட்டினாரா? மேல போகப் படிக்கட்டு இருக்கான்னாவது பாத்தாரா? ஏணி போட்டு ஏறற வீட்டுக்கு எவ வாடகைக்கு வருவா?"

அவர் பதிலுக்குக் கத்தாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா நீங்க குடுத்த படம் அவரு பக்கம்தானே பேசுது? பின்பக்கத்தைக் காட்டுங்க, மனுவை வாங்கிக்கறேன். அஞ்சு மணிக்கு மூடிடுவேன்."

உண்மைதான். படித்தவள், எதிராளிக்குச் சாட்சியை நானே அச்சுப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு போன் செய்தேன். "ஏணியில ஏறி அந்தச் சுவரைப் பின்னால இருந்து போட்டோ எடுத்து அனுப்பும்மா. சீக்கிரம்."

"நானா? ஏங்க, ஏணியைப் பிடிங்க! பூனையைப் பாக்காதீங்க, ஏணியைப் பாருங்க!"

முதல் படம் அம்மாவின் கட்டைவிரல். அடுத்தது வானம். அதற்கடுத்தது கொடியில் காயும் அப்பாவின் ஓட்டை பனியன்.

கவுண்டர்காரர் எட்டிப் பார்த்து, "இது எந்தத் தளம்?" என்றார். பூனைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

கவுண்டர் விளக்குகளை ஒருவன் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வரும்போது நாலாவது படம் வந்தது. பாதிப் படத்துக்கு அம்மாவின் முகம், வெற்றிச் சிரிப்போடு. முதுகுக்குப் பின்னால் பூசாத செங்கல் சுவர், அதன் ஓரத்தில் தொட்டி, தலைக்கு மேல் வானம். ஜன்னலும் இல்லை, அறையும் இல்லை.

அவர் நான் கொடுத்த படத்தைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அதே அம்மாதான். படத்துல மூக்கு கொஞ்சம் நீளம்."

"அதுக்குத்தான் சார் வீட்ல சண்டையே."

முத்திரை விழுந்தது. பூனைக்காரர் கை தட்டினார். இந்த முறை நான் முறைக்கவில்லை.

மறுவாரம் மதிப்பீட்டாளர் வந்தார். இந்தத் தடவை வண்டியை விட்டு இறங்கினார். ஏணியில் ஏறிச் சுவரைத் தட்டிப் பார்த்து, நோட்டீசில் முதல் தளத்தை அடித்துவிட்டுப் பழைய வரியையே எழுதினார். போகும்போது அப்பாவிடம், "இதுக்கு வெள்ளையடிச்சிடுங்க. அடுத்த தடவை வேற ஆளு வந்தா மறுபடி மாடின்னு எழுதிடுவான்" என்றார்.

அப்பா தலை குனிந்தார். எனக்குச் சுருக்கென்றது.

"வெள்ளையெல்லாம் அடிக்க முடியாது சார்," என்றேன். "அடுத்து வர்றவரை இறங்கி வந்து கதவைத் தட்டச் சொல்லுங்க. அது உங்க வேலை. ஜன்னல் எங்கப்பா வேலை."

அவர் வண்டியில் ஏறினார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நெடுநேரம். அளவெடுக்கிறார் என்று அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கீழே அம்மா திட்டிக்கொண்டே ஏணியைப் பிடிக்க, முழங்காலைத் தேய்த்துத் தேய்த்து அப்பா மேலே ஏறினார். சாயங்காலம் மூடிய ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நான். கண்ணை உருட்டிக்கொண்டு, தலைமுடி பறக்க, ஒரு விரலால் கீழே வாசற்கதவைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"இவ மூக்கு மட்டும் எப்படிங்க அச்சா வந்துச்சு?" என்றாள் அம்மா.

நேற்று அந்த வழியாகச் சைக்கிளில் வந்த தபால்காரர் மேலே பார்த்தார். சட்டென்று இறங்கி, எங்கள் வீட்டைத் தாண்டும் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.