கணக்கில் வராத துடிப்பு

1

இந்தக் கதையை ஒரு சுவரிலிருந்து எடுத்தேன். முதுகுவலிக்காக ஜிம்மில் சேர்ந்திருந்தேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு படம்: எண்ணெய் பூசிய உடம்பு, கையில் கோப்பை. அதன் கீழே டேப் வைத்து ஒட்டிய ஒரு எக்கோ ரிப்போர்ட். இதயத்தை ஸ்கேன் எடுத்துத் தருவார்களே, அது.

படத்தில் இருப்பவர்தான் இங்கே மாஸ்டர், தாளும் அவருடையது, முதலாளி கிழிப்பார், மறுநாள் மாஸ்டர் இன்னொரு நகலை ஒட்டுவார் என்றாள் மேசையில் இருந்த பெண். "ஒண்ணு இவர் கை ஓயணும், இல்ல அவர் கை ஓயணும்."

மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

"மாஸ்டரின் இதயம் களைத்திருந்தது." (அடித்துவிட்டேன். அழவைக்கும் அவசரம்.)

"தசை ஏற்றப் பத்து வருடம் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர், அதை விட்டு ஒன்பது வருடம் கழிந்த பிறகும்" (முடிக்கவில்லை. செய்தித்தாள் வாடை.)

"டாக்டர் சொன்னதைக் கேட்டு மாஸ்டர் சிரித்தார்."

இது நிற்கும். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று போயிருந்தார். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது என்றார் டாக்டர். தொடையையும் புஜத்தையும் இருபது வருடமாக டேப் வைத்து அளந்த மனிதருக்கு, தடித்தது என்றால் நல்ல செய்தி.

"அதுவும் தசைதானே டாக்டர். வளர்ந்தா நல்லதுதானே?"

டாக்டர் சிரிக்கவில்லை. தடித்த சுவர் சரியாக விரியாது, இப்போது சுருங்கவும் திணறுகிறது என்றார். உள்ளே வரும் ரத்தத்தில் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் வெளியே தள்ள வேண்டும். இவருடையது முப்பத்தெட்டு தள்ளியது. ரத்தக் குழாய்களில் கொழுப்பும் படிந்திருந்தது.

ஊசியை விட்டபோது புஜம் இறங்கியது. இதயமும் இறங்கியிருக்கும் என்று மாஸ்டர் நம்பியிருந்தார்.

3

[இடையில் ஒரு குறிப்பு. ஊசி போட்ட எல்லோருக்கும் இப்படி ஆகுமா? ஆகாது. யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அளவும் வருடமும் கூடக் கூட ஆபத்தும் கூடும். கதைக்கு இது இடைஞ்சல். இருக்கட்டும்.]

4

மாஸ்டரின் மைத்துனனும் அதே ஜிம்மில் எடை தூக்குகிறவன். அவனை நான் முதலில் நம்பவில்லை. கதைக்குத் தோதாக வந்து சேர்ந்த ஆளாகத் தெரிந்தான். அவனுக்கு முதல் ஊசியைப் போட்டது மாஸ்டர்தான் என்று எழுதியதும் நம்பிவிட்டேன். மாஸ்டர் பயந்து ஊசியை விட்டவரல்ல. போட்டி மேடை முடிந்தது, ஊசியும் முடிந்தது. நாலு வருடத்துக்கு முன் மைத்துனன் கேட்டபோது, கண்டவன் கையில் போட்டுக்கொள்வதைவிடத் தன் கை மேல் என்று நினைத்தார். மனைவியிடம் வைட்டமின் என்று சொல்லியிருந்தார்.

ரிப்போர்ட் வந்த அன்று மத்தியானம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். (அழுதாள் என்று எழுதினேன். அவள் அழுகிறவளாக இல்லை.)

"என் தம்பிக்கு நீங்களா போட்டீங்க?"

"நான்தான்."

"அப்ப நீங்களே நிறுத்துங்க."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

5

ஜிம்மில் மாஸ்டருக்கு ஒரு சட்டம் உண்டு. எடையைப் பாதி தூக்கி இறக்கினால் எண்ண மாட்டார். "கணக்குல வராது" என்பார், அமைச்சரே வந்து தூக்கினாலும்.

மைத்துனனுக்கு ஆணழகன் போட்டி மூன்று வாரத்தில். உடை மாற்றும் அறையில் அவனைப் பிடித்து, ஊசியை விடச் சொன்னார்.

"வயிறு நெறைய சாப்பிட்டு எழுந்தவர், அடுத்த பந்திக்கு விரதம் சொல்ற மாதிரி இருக்கு மாமா."

"சாப்பிட்டது என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன்டா."

"எனக்கு ஒண்ணும் ஆகல."

"எனக்கும்தான் ஆகல. போன மாசம் வரைக்கும்."

அவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் தாள் சுவரேறியது. புதிதாகச் சேர வருகிறவர்கள் பயந்து ஓடுவார்கள் என்று முதலாளி கிழித்தார். மாஸ்டர் ஒட்டினார். வேலை போகும் என்றார் முதலாளி. அதைக் கேட்டுக்கொண்டே ஒட்டினார்.

6

முடிவுகள்.

மைத்துனன் மேடையிலேயே சரிகிறான். (எழுதினேன், கிழித்தேன். பாடம் சொல்வதற்காக ஒருவனைக் கொல்ல எனக்கு மனமில்லை.)

ஊசியை விடுகிறான், கோப்பையும் வாங்குகிறான். (பொய்.)

மாஸ்டர் ஒருநாள் அலுத்துப்போய், தாள் ஒட்டுவதை

(இதை முடிக்க அவர் விடவில்லை.)

7

கடைசியில் மனைவி தம்பியைக் கையோடு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டி வந்தாள். மாமாவுக்குத் துணைக்கு என்று சொல்லி. பதிவேட்டில் மாஸ்டர் தன் பெயரோடு அவன் பெயரையும் கொடுத்திருந்தார்.

"நான் முதல்ல படுக்கறேன். நீ நின்னு பாரு."

சட்டையைக் கழற்றிப் படுத்தார். திரையில் அவருடைய இதயம் தெரிந்தது. மைத்துனனுக்கு டாக்டர் பாஷை தெரியாது. ஆனால் ஒரு தசை முழுசாகச் சுருங்குகிறதா என்று பார்க்கத் தெரியும், மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். அடுத்த துடிப்பு வரும்வரை பார்த்தான். அதற்கடுத்ததையும் பார்த்தான்.

"மாமா, பாதிதான் வருது."

"எண்ணுவியா?"

மாஸ்டர் எழுந்து இறங்கினார்.

கட்டிலில் புது விரிப்பு விரித்தாயிற்று. அவனைப் படுக்கவைப்பதோ வெளியே அனுப்புவதோ உங்கள் பாடு, நான் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். வெளியே அனுப்புவதென்றால் ஒன்று: மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு கதவை அடைத்து நிற்கிறார். பக்கத்தில் அவன் அக்கா.