ஹேர் டிரையரும் ஆறு வெள்ளை ஒயர்களும்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. எதிர் ஜன்னலில் ஒரு பெண் மோட்டாருக்கு ஹேர் டிரையர் காட்டிக்கொண்டிருந்தாள், பேனாவை எடுத்துவிட்டேன். அவள் கீழே அழகு நிலையம் நடத்துபவள். கணவர் டிராயிங் மாஸ்டர், சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போய்வருகிறவர்.

2
முதல் தொடக்கம்: "விதியின் கொடுங்கரங்களில் சிக்கிய அந்த..."
(வேண்டாம். அவள் படித்தால் கத்திரிக்கோலோடு வருவாள்.)

இரண்டாவது: நாற்காலியின் மோட்டார் புகைந்துபோனது. அன்றிலிருந்து பள்ளி மேட்டில் மாஸ்டரைப் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு போகிறார்கள். "நான் வேலைய விட்டுடறேன். பாடம் எடுக்கப் போறேனா, ஊர்வலம் போறேனா?" என்றார். அவள் பழைய சாமான் கடைக்குப் போய், சக்கரத்தோடு சேர்ந்த மோட்டார் ஒன்றைத் தூக்கி வந்து சமையல் மேடையில் வைத்தாள்.

இது இருக்கட்டும்.

3
மோட்டாரிலிருந்து மூன்று தடித்த ஒயர்கள், அவற்றால் தொல்லையில்லை. கூடவே ஆறு மெல்லியவை, சக்கரம் எங்கே நிற்கிறது, எவ்வளவு சூடு என்று சொல்லும் சென்சார்களுடையவை. முன்பு எவரோ புண்ணியவான் அவற்றை வெட்டி, கையில் கிடைத்த வெள்ளை ஒயரையே ஆறுக்கும் ஒட்டுப்போட்டிருந்தார், எது எதற்கென்று தெரியாது. தப்பான ஒன்றில் பேட்டரியைக் கொடுத்தால் உள்ளே சென்சார் கருகிவிடும். கடையில் இன்னொரு மோட்டார் கிடையாது.

(இங்கே ஒரு பொறியாளரை வரவழைத்தேன். வந்தவர் மீசையைத் தடவியபடி... அடித்துவிட்டேன். எதற்கு இவர்?)

4
மின்தடை அளக்கும் மீட்டரை மாஸ்டர் மடியில் வைத்து, அதன் இரு முனைகளையும் இரண்டு ஒயர்களில் மாட்டி, மோட்டாருக்கு ஹேர் டிரையர் காட்டினாள்.

"ஏங்க, மீட்டர்ல நம்பர் எறங்குதா பாருங்க."

"இல்ல."

"இப்ப?"

"இல்லம்மா. மோட்டாருக்குச் சளி பிடிச்சிருக்கா என்ன?"

"வாய மூடிட்டு நம்பரப் பாருங்க."

ஒயர்களை ஜோடி ஜோடியாக மாற்றிக்கொண்டே போனாள்.* ஒரு ஜோடியில், சூடு ஏற ஏற எண் சரசரவென்று இறங்கியது. "எறங்குது, எறங்குது!" என்று மாஸ்டர் கத்தினார். சூட்டைச் சொல்லும் ஒயர் அந்த இரண்டில் ஒன்று. மற்றது எல்லா சென்சாருக்கும் பொது. பொது எது என்று பார்க்க, இரண்டையும் மிச்சம் நான்கோடு ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தாள்.

"பாருங்க, இதோட வச்சா மூணு ஒயர் ஒரே நம்பர் காட்டுது, அதோட வச்சா எல்லாமே எகிறுது. அண்ணன் தம்பிங்க. அப்ப இதுதான் பொது. சக்கரம் எங்க நிக்குதுன்னு சொல்றது அந்த மூணு. ஒத்தையா நிக்குது பாருங்க ஒண்ணு, அதுக்குத்தான் கரண்ட்."

ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் நகப்பூச்சு வைத்தாள். அடடா, என்ன பெண் இவள்! பேட்டரி பக்கமே போகாமல் ஆறையும் பேசவைத்துவிட்டாள். என் பாத்திரங்கள் ஒரு வார்த்தை பேச நான் மாதக்கணக்கில் கெஞ்சுகிறேன்.

* இவ்வளவும் எனக்குக் கேட்டதா என்று கேட்காதீர்கள். ஜன்னல் திறந்திருந்தது, மிச்சத்துக்கு நான் இருக்கிறேன்.

5
"எரிஞ்சிடுச்சுன்னா?" என்றார் மாஸ்டர்.

"எரிஞ்சா நாளைக்கு நானே தள்ளிட்டு வரேன். வேலைய மட்டும் விடாதீங்க."

அவர் நகப்பூச்சு நிறங்களை ஒருமுறை எண்ணிச் சரிபார்த்தார். "சரி, குடு," என்றார்.

முடிவு ஒன்று: சென்சார் கருகுகிறது. எழுதிப் பார்த்தேன், கை கூசியது. முடிவு இரண்டு: மாஸ்டர் மேட்டில் தனியாக ஏறுகிறார், நான் ஜன்னலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு... அதுவும் வேண்டாம். அவள் பாடுபட்டுக் கண்டுபிடித்ததை நான் என்னவோ போனால் போகிறதென்று கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் இங்கேயே நிறுத்துகிறேன். அவள் பேட்டரியை இணைக்கப் போகிறாள். இணைத்ததும் யாராவது சக்கரத்தை மெல்லச் சுற்ற வேண்டும். மீட்டரில் எண் ஏறி இறங்கினால் மோட்டார் பிழைத்தது. மாஸ்டர் சக்கரத்தில் கை வைத்திருக்கிறார். நீங்களும் கொஞ்சம் பிடியுங்கள்.